கூடை கட்டிய ஆசிரியர்

நம் விடுதிக்குப் பின்புறமுள்ள கூடைப்பந்துத் தளத்தை அறியாத தமிழ் நண்பர் இவ்வளாகத்தில் எவரும் இரார். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே நாலைந்து மொழிகளில் கூச்சல் எழும். அவற்றுள் நம் மொழியும் ஒன்று. நான் அங்கே ஆடுகிறவன் அல்லன். ஆய்வுக் கூடத்திலிருந்து திரும்பும் வழியில் பத்து நிமிடம் நின்று பார்க்கிறவன். அப்படிப்பட்டவன் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருடைய வாழ்க்கையை எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் பிலாய் எஃகு ஆலையில் பணிபுரிகிறார். எங்கள் பூர்வீகம் கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூர். ஆயினும் நானும் என் தங்கையும் பிறந்து வளர்ந்ததெல்லாம் பிலாய்தான். அந்த ஊரில் பெண் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுவது, தஞ்சைப் பக்கத்தில் பிள்ளைகள் பாட்டுக் கற்றுக்கொள்வதைப் போல இயல்பான காரியம். தங்கை இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். சென்ற மாதம் வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து ஆள் வந்து அப்பாவைப் பார்த்திருக்கிறார்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். இடம் உண்டு, விடுதிச் செலவும் இல்லை. நான்கு ஆண்டும் கல்லூரி அணிக்கு ஆட வேண்டும். சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. அப்பா இரவு தொலைபேசியில் என்னை அழைத்து, நீ படித்தவன், என்ன செய்யலாம் சொல் என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே எனக்கு அகப்பட்டவர்தான் ஜேம்ஸ் நைஸ்மித்.

நைஸ்மித் 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்து ஆல்மாண்ட் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். ஒன்பது வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் டைபாய்டு காய்ச்சல் கொண்டுபோயிற்று. மாமன் ஒருவர் அவரையும் உடன்பிறந்தோரையும் எடுத்து வளர்த்தார். பிள்ளை படிப்பில் சூரன் அல்லன். உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு மரம் வெட்டும் முகாம்களுக்குக் கூலிக்குப் போனார். சில ஆண்டுகள் பனிக் காட்டில் கோடரி பிடித்த பிறகு மனம் மாறி, தம்மைவிட வயதில் குறைந்த பிள்ளைகளோடு மீண்டும் பள்ளி பெஞ்சில் வந்து அமர்ந்தார். 1883இல் மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. இன்றைய கணக்கில் பார்த்தால் படிப்பை இடையில் நிறுத்தியவர் என்று எந்தக் கல்லூரியும் முகம் சுளிக்கும்.

மெக்கிலில் அவர் பாதிரியாராவதற்காகப் படித்தார். அங்கேதான் விளையாட்டும் பற்றிக்கொண்டது. ரக்பி, லக்ராஸ், சீருடற்பயிற்சி என்று எல்லாவற்றிலும் இறங்கினார். உடன் படித்த சமய மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ரக்பி அவர்கள் கண்ணில் சாத்தானின் தொழில். நண்பருடைய ஆன்மாவுக்காகக் கூடிப் பிரார்த்தனை செய்தார்களாம்! ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் வாங்கிய அடியால் இரு கண்ணும் கறுத்துப்போய், மறுநாள் அந்த முகத்தோடு பிரசங்க மேடை ஏறினார் என்பதும் அவரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொன்ன செய்தி. மேடையிலிருந்து உபதேசிப்பதைவிட மைதானத்தில் கூட நின்று இளைஞரை நல்வழிப்படுத்தலாம் என்ற எண்ணம் அந்நாளில்தான் அவருக்குத் தோன்றியது. 1890இல் அமெரிக்காவுக்கு வந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். விரைவில் அங்கேயே ஆசிரியரானார்.

1891ஆம் ஆண்டுக் குளிர்காலம். வெளியே பனி. உள்ளே பதினெட்டு மாணவர்கள். கால்பந்தும் இல்லை, பேஸ்பாலும் இல்லை. நாள்தோறும் தண்டால், கர்லா, அணிநடை. வளர்ந்த ஆண்கள் எத்தனை நாள் அதைச் சகிப்பார்கள்? இரண்டு ஆசிரியர்கள் அந்த வகுப்பை நடத்த முடியாது என்று கைகழுவிவிட்டார்கள். துறைத் தலைவர் லூதர் குலிக் அதை நைஸ்மித் தலையில் கட்டி, உள்ளரங்கில் ஆடத் தக்க புதிய ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி பதினான்கு நாள் கெடு வைத்தார்.

அவர் முதலில் தெரிந்த ஆட்டங்களையே உள்ளே கொண்டுவந்து பார்த்தார். கால்பந்தில் சன்னல் கண்ணாடி உடைந்தது. லக்ராஸில் மண்டை உடைந்தது. கெடு முடியப் போகிற நேரத்தில் அவர் யோசித்த முறை இருக்கிறதே, அது ஓர் அறிவியல் மாணவனை மயக்கக் கூடியது. ஆட்டத்தில் முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது? பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவனைத் தடுத்து வீழ்த்துவதிலிருந்து வருகிறது. அப்படியானால் பந்தோடு ஓடக் கூடாது என்று விதி செய்துவிட்டால் வீழ்த்த வேண்டிய தேவையே இல்லை. அடுத்து, இலக்கு நிமிர்ந்து நின்றால் பந்தை முழு பலத்தோடு அடிக்கத்தான் தோன்றும். இலக்கைக் கிடையாக வைத்துத் தலைக்கு மேலே உயர்த்திவிட்டால்? பலம் பயன்படாது, பந்து வளைந்து ஏறி மெல்ல இறங்க வேண்டும். சிறுவயதில் ஊரில் பாறை மேல் வைத்த கல்லை இன்னொரு கல்லால் வீழ்த்தும் விளையாட்டு ஒன்று உண்டு. வேகமாக எறிந்தவன் தோற்பான். வளைத்துப் போட்டவன் வெல்வான். அது அவருக்கு நினைவு வந்தது. எறிபொருளின் பாதை பரவளைவு என்று நாங்கள் கரும்பலகையில் வரைந்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். இந்த மனிதர் அந்தப் பரவளைவைக் கொண்டு பதினெட்டு முரடர்களைச் சாதுவாக்கினார்.

பதினெட்டு அங்குலப் பெட்டி இரண்டு வேண்டும் என்று கட்டடத்தைப் பேணும் ஊழியரிடம் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடைகள்தாம் இருந்தன. மாடத்தின் கைப்பிடியில் இருபுறமும் அவற்றை ஆணியடித்து மாட்டினார். மாடத்தின் உயரம் பத்தடி. இன்று உலகெங்கும் வளையம் பத்தடி உயரத்தில் இருப்பதற்கு வேறு தத்துவம் எதுவும் இல்லை; அந்தக் கட்டடத்தை எழுப்பிய கொத்தனார் வைத்த உயரம் அது. பதின்மூன்று விதிகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார். டிசம்பர் 21ஆம் நாள், பக்கத்துக்கு ஒன்பது பேராக முதல் ஆட்டம் நடந்தது. மொத்தமே ஒரு கூடைதான் விழுந்தது. மாணவன் ஒருவன் ஆட்டத்துக்கு ஆசிரியர் பெயரையே வைக்கலாம் என்றானாம். அவர் சிரித்து மறுத்துவிட்டார். கூடையும் பந்தும் இருக்கின்றன, கூடைப்பந்து என்போமே என்று அவனே சொல்ல, அது நிலைத்தது.

ஆட்டம் தீ போலப் பரவியது. அந்த முதல் வகுப்பில் இருந்த டங்கன் பாட்டன் என்பவர் 1894இல் சமயப் பணிக்காக இந்தியாவுக்கு வந்து இங்கே அதை அறிமுகப்படுத்தினார். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் ஊர்ப் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர்கள் பலருக்கு அதுவே தாய்வீடு. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகிலுள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை ஆட்டத்தைக் கற்பித்து, 1893இல் முதலாண்டு மாணவியரையும் இரண்டாம் ஆண்டு மாணவியரையும் மோதவிட்டார். ஆண்களுக்கு அனுமதி இல்லை. இதைத் தங்கையிடம் சொன்னபோது, அப்போது சத்தமாகக் கத்தியிருப்பார்கள் என்றாள்.

நைஸ்மித் இந்த ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஒரு காசும் சம்பாதிக்கவில்லை. 1894இல் மாட் ஷெர்மன் என்ற பெண்ணை மணந்தார். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடக்க நாளில் கூடைப்பந்து ஆடியவரே. பிறகு டென்வர் நகரில் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்து 1898இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கான்சாஸ் பல்கலைக் கழகத்துக்கு உடற்கல்வி ஆசிரியராகவும் வழிபாட்டுக் கூடத்தை நடத்துகிறவராகவும் போனார். எஞ்சிய வாழ்நாளெல்லாம் அங்கேதான்.

அங்கே அவர் கூடைப்பந்து அணியையும் நடத்தினார். 1907 வரை 55 ஆட்டங்களில் வெற்றி, 60இல் தோல்வி. கான்சாஸ் அணிக்கு இன்று வரை வாய்த்த பயிற்சியாளர்களுள் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் இவர் ஒருவரே. ஆட்டத்தைப் படைத்தவர்! அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சில சமயம் தம் அணி ஆடும் ஆட்டத்துக்குத் தாமே நடுவராகவும் நின்றார். அவருக்குச் சொந்தமாகப் பிடித்தவை வாள்வீச்சும் மல்யுத்தமும். விளையாட்டு மாணவனுக்காக, மாணவன் விளையாட்டுக்காக அல்லன் என்பது அவர் நடந்துகொண்ட முறையில் தெரிகிறது.

அவரிடம் பயின்ற மாணவர் ஃபாக் ஆலன் வேறு வார்ப்பு. கூடைப்பந்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, ஆடத்தான் முடியும் என்று குரு கருதினார். சொல்லிக்கொடுக்க முடியும், வெல்லவும் முடியும் என்று சீடர் காட்டினார். கல்லூரிக் கூடைப்பந்து பெருந்தொழிலாக வளர்ந்தது ஆலன் போன்றவர்களால்தான். கான்சாஸில் இன்று பெரிய அரங்குக்கு ஆலன் பெயர். உள்ளே ஆடும் தரைக்கு நைஸ்மித் பெயர். நான் இதில் குறை சொல்லவில்லை. ஆனால் இருவரில் யார் பெயர் கூரை மேல் இருக்கிறது என்பதைப் பார்த்தேன்.

அவருடைய முதுமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது. 1933இல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர் கான்சாஸில் சேர்ந்தார். நைஸ்மித்திடம் போய் அவரையே வழிகாட்டியாகக் கொள் என்பது அவர் தந்தை சொன்னது. இளைஞர் நேரே அவர் அறைக்குள் சென்று, தாங்கள்தாம் என் வழிகாட்டி என்றார். யார் சொன்னது என்று கேட்டார் நைஸ்மித். என் தந்தை என்றார் இவர். அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று கிழவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் மெக்லெண்டன் பல்கலைக் கழக அணியில் ஆட முடியாது. கறுப்பர்களுக்கு அணியில் இடமில்லை. கூடைப்பந்தைப் படைத்தவரே வழிகாட்டி. அந்தக் கூடைப்பந்தை ஆட மாணவருக்கு அனுமதி இல்லை! மெக்லெண்டன் ஆடாமலே படித்து 1936இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கும் நைஸ்மித் கை கொடுத்தார். பின்னாளில் அவர் டென்னசி மாநிலத்துக் கறுப்பினக் கல்லூரி ஒன்றின் அணியை 1957, 1958, 1959 மூன்று ஆண்டும் தொடர்ந்து ஒரு தேசியப் போட்டியில் வெல்ல வைத்தார்.

இனி ஒன்றைப் பாருங்கள். மெக்லெண்டன் வெளியேறிப் பத்தொன்பது ஆண்டு கழிந்த பின், 1955இல், அதே கான்சாஸ் ஏழடி உயரமுள்ள வில்ட் சேம்பர்லின் என்ற கறுப்பின இளைஞரைப் பிலடெல்பியாவிலிருந்து வருந்தி அழைத்துக்கொண்டது. அவரை விரும்பிய கல்லூரிகள் இருநூறுக்கு மேல். இடையில் கான்சாஸுக்கு ஞானம் பிறந்தது என்றும் சொல்லலாம். வெற்றியின் விலை தெரிந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது என் எண்ணம். விளையாட்டால் ஒரு கதவு திறந்தது மெய். திறந்தவர்கள் உள்ளே யாரை வரவேற்றார்கள், மாணவரையா, உயரத்தையா என்பதுதான் கேள்வி.

நைஸ்மித் 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் தம் ஆட்டம் முதன்முதலாக இடம்பெறக் கண்டார். போக அவரிடம் பணம் இல்லை. வீட்டை வங்கிக் கடனில் இழந்ததும் உண்டு. ஆலனும் நண்பர்களும் ஆட்டங்களில் காசு வசூலித்து அனுப்பினார்கள். இறுதி ஆட்டம் திறந்தவெளி மண் தளத்தில், கொட்டும் மழையில் நடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த நாடும் புகுந்த நாடும் மோதின. அவர் இரண்டுக்கும் பதக்கம் வழங்கினார். மறு ஆண்டு ஓய்வு பெற்றார். மனைவியும் அவ்வாண்டே மறைந்தார். 1939 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. போட்டி முதன்முறையாக நடந்தது. ஓரிகன் அணி வென்றது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள் நைஸ்மித் காலமானார்.

அவர் கண்மூடிய பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்கிறேன். நியூயார்க் நகரக் கல்லூரி ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பித்த இடம். மதிப்பெண் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது என்று பெயர் பெற்றது. 1950இல் ஒரே ஆண்டில் இரண்டு பெரும் போட்டிகளை வென்றது. 1951இல் அதன் ஆட்டக்காரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு புள்ளிகளைக் குறைத்து ஆடியதாகக் கைதானார்கள். விசாரித்தபோது, சிலரைச் சேர்த்துக்கொள்வதற்காகப் பள்ளி மதிப்பெண்களே திருத்தப்பட்டிருந்தது வெளிவந்தது. 1956இல் என்.சி.ஏ.ஏ., ஏழையா இல்லையா என்று பாராமல் ஆட்டத் திறனுக்காகவே உதவித்தொகை கொடுக்கலாம் என்றது. 1973இல் அதை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தொகையாக்கியது. அதாவது நன்றாக ஆடினால் அடுத்த ஆண்டும் உண்டு. பல்லாண்டுத் தொகையை மீண்டும் அனுமதிக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

கல்லூரிகள் இத்தனை பாடுபடுவது ஏன்? 2009இல் போப் என்னும் குடும்பப் பெயருடைய பொருளியலார் இருவர் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். கால்பந்திலோ கூடைப்பந்திலோ ஒரு கல்லூரி சிறந்தால் அடுத்து அங்கே சேர விண்ணப்பிப்போர் தொகை 2 முதல் 8 விழுக்காடு வரை ஏறுகிறது. ஐந்து பேர் ஓடியாடிப் பந்து போட்டால், ஆடவே தெரியாத ஆயிரம் பேர் அந்தக் கல்லூரிக்கு மனுப் போடுகிறார்கள்! ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் மீது தொடுத்த வழக்கு 2018இல் விசாரணைக்கு வந்தபோது, அங்கே விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுத்து அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு இடம் கிடைத்தது தெரிந்தது. மற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. கதவு அவ்வளவு அகலமாக இருந்தால் திருடன் வராமல் இருப்பானா? 2019இல் பணக்காரப் பெற்றோர் சிலர் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்து, படகையே தொடாத பிள்ளைகளைத் துடுப்பு வீரர்கள் என்று உள்ளே நுழைத்தது அம்பலமாயிற்று.

நைஸ்மித் சுவரில் ஒட்டிய அந்த இரண்டு தாள்கள் 2010இல் ஏலத்துக்கு வந்தன. நாற்பத்து மூன்று லட்சம் டாலருக்கு மேல் போயின. வாங்கியவர் கான்சாஸின் பழைய மாணவர். இப்போது அவை கான்சாஸிலேயே இருக்கின்றன.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே கல்லூரி ஆட்டத்தைக் காண அரங்கு நிரம்புவதில்லை. ஆயினும் வாசல் மெல்லத் திறக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு பட்டப் படிப்பிலும் விளையாட்டுச் சிறப்புக்காக இரண்டு கூடுதல் இடங்கள் ஒதுக்கி, அதில் ஒன்றைப் பெண்களுக்கு வைத்தது. நுழைவுத் தேர்வுத் தரவரிசையில் பெயர் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்பாவுக்கு உடனே பதில் சொல்ல ஏன் என் நா எழவில்லை என்று இப்போது சொல்கிறேன். இளநிலைப் படிப்பின்போது என் அறையில் இருந்தவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவன். எங்கள் வகுப்பில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு வாங்கிய இடத்தை அவன் காலால் வாங்கினான் என்ற பொறாமை. போட்டிக்குப் போன நாள்களில் செய்முறைத் தேர்வு நடந்துவிடும். திரும்ப வைக்க மாட்டார்கள். இரண்டாம் ஆண்டில் முழங்கால் தசைநார் அறுந்தது. சலுகை நின்றது, கட்டணம் கேட்டார்கள். ஒரு நாள் நான் வகுப்பிலிருந்து வந்தபோது அவன் கட்டில் காலியாக இருந்தது. சன்னலில் அவனுடைய காலுறை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. இன்று வரை நான் அவனைக் கூப்பிட்டுப் பேசவில்லை.

எனவே அப்பாவிடம், வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சேர்த்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. அந்தக் கல்லூரியிடம் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொன்னேன். தங்கைக்கு அடிபட்டு ஆட முடியாமல் போனால் இடமும் விடுதியும் நான்கு ஆண்டும் நிலைக்குமா? போட்டி நாளில் நடக்கும் செய்முறைத் தேர்வை மீண்டும் வைப்பார்களா? அப்பா அன்றிரவே எழுதி அனுப்பினார். அவசரம் என்று சொன்னவர்கள் மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை.

தங்கைக்கு என் மேல் கோபம். நேற்றுப் பேசியபோது, அறுபது எறிதலில் நாற்பத்தொன்பது விழுந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.